தர்க்கப் புதிருக்கு எந்தப் படம்? சேர்க்கைத் தேர்வு எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் மாலை வேளைகளில் நான் பாடம் சொல்லும் மேசைக்கு, பள்ளியிறுதித் தேர்வான எச்.எஸ்.சி. முடிக்கும் தறுவாயில் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு தர்க்கப் புதிரை, அதாவது சில விதிகளைக் கொண்டு யார் எங்கே என்று கண்டுபிடிக்கும் கணக்கை, அவர்கள் முன் வைத்தால், பெரும்பாலோர் முதல் வரியைப் படித்த கையோடு பேனாவை எடுத்து அட்டவணை போடத் தொடங்கிவிடுவார்கள். அந்தப் புதிர் வரிசையைப் பற்றியதா, குழுக்களைப் பற்றியதா, சிலரைத் தெரிந்தெடுப்பதைப் பற்றியதா என்று பார்ப்பதற்குள் கட்டங்கள் வரையப்பட்டுவிடும். பிறகு விதிகள் அந்தக் கட்டங்களுக்குள் அடங்க மறுக்கும்போது, தமக்குத் தர்க்கம் வராது என்று மனம் சோர்ந்துபோவார்கள். அவர்களுடைய தடுமாற்றத்தில் பெரும்பகுதி, பொருந்தாத படத்தைத் தேர்ந்தெடுத்த அந்த முதல் அரை நிமிடத்திலேயே தொடங்கிவிடுகிறது என்பதே நான் கண்டது. ஆகவே இந்த வழிகாட்டி அந்த அரை நிமிடத்தைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

இப்புதிர்கள் இன்று எங்கே வருகின்றன

அமெரிக்க, கனடியச் சட்டக் கல்லூரிகளில் சேர்வதற்கான எல்சாட் தேர்வில் இப்புதிர்கள் நெடுங்காலம் ஒரு தனிப் பகுதியாக இருந்தன. 35 நிமிடங்களில் 4 புதிர்கள் தரப்படும். ஒவ்வொரு புதிருக்கும் 5 முதல் 7 வினாக்கள் வரை இருக்கும். ஆகஸ்ட் 2024 முதல் அந்தப் பகுதி நீக்கப்பட்டுவிட்டது. பார்வையற்ற தேர்வர் ஒருவர் தொடுத்த வழக்கு 2019-இல் சமரசத்தில் முடிந்தபோது, படம் வரைந்தால்தான் எளிதில் தீர்க்கக்கூடிய அப்பகுதிக்கு மாற்று காண்பதாகத் தேர்வை நடத்துவோர் ஒப்புக்கொண்டிருந்தனர். எனவே இன்று எல்சாட் எழுதப் போகிறவர், அண்ணனோ அக்காவோ வைத்துவிட்டுப் போன பழைய வழிகாட்டி நூலில் புதிர்களைக் கண்டு அவற்றில் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியதில்லை.

ஆனால் அதே புதிர்கள் சிறு வடிவில் வேறு இடங்களில் உயிரோடு இருக்கின்றன. பிரித்தானிய மருத்துவக் கல்லூரிகள் பல கேட்கும் யூகேட் தேர்வின் முடிவெடுத்தல் பகுதியில், 2025 முதல் 37 நிமிடங்களில் 35 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். அவற்றுள் ஒரே வினாவோடு முடியும் தர்க்கப் புதிர்களும் அடங்கும். இந்திய மேலாண்மைக் கல்லூரிகளுக்கான கேட் தேர்விலும் 40 நிமிடப் பகுதி ஒன்றில் இவை ஒரு புதிருக்குப் பல வினாக்கள் என்ற தொகுப்புகளாக வருகின்றன. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படம் ஐந்தாறு வினாக்களுக்கு உதவுமானால், அதற்கு இரண்டு மூன்று நிமிடம் செலவிடுவது இலாபம். ஒரே வினாவுக்காக வரையும் படத்துக்கு அத்தனை நேரம் கொடுத்தால் அது முழு நட்டம்.

பேனா தாளைத் தொடுவதற்கு முன்

கதையையும் விதிகளையும் ஒருமுறை முழுமையாகப் படியுங்கள். அதுவரை எதையும் வரையாதீர்கள். பிறகு உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி, இந்தக் கதையில் நகராதது எது என்பதாகும். பெரும்பாலான புதிர்களில் இரண்டு வகைப் பொருள்கள் இருக்கும்: நாள்களும் ஆள்களும், இருக்கைகளும் மாணவர்களும், வேன்களும் பயணிகளும். திங்களை எடுத்து வியாழனுக்குப் பின்னால் வைக்க முடியாது. ஆனால் திங்களன்று பேச வேண்டியவரை வியாழனுக்கு மாற்றலாம். நகர்த்த முடியாததே படத்தின் அடித்தளம். நகர்வன அதன்மேல் எழுத்துகளாக ஏறும். ஆள்களின் பெயர்களை அடித்தளமாக எழுதிவிட்டு, ஒவ்வொருவருக்கும் கீழே நாள்களை நிரப்பப் பார்க்கும் மாணவருக்கு, அடுத்தடுத்த நாள் என்னும் விதி வந்தவுடன் படம் கைகொடுக்காமல் போய்விடும்.

இரண்டாவதாக எண்ணிக்கையைப் பாருங்கள். ஏழு பேருக்கு ஏழு இடங்கள் என்றால் ஒவ்வோர் இடமும் நிரம்பும், யாரும் மிஞ்சமாட்டார்கள். ஏழு பேரில் ஐவருக்கே இடம் என்றால், வரிசையின் வலப்புறத்தில் வெளியே நிற்பவர்களுக்கென்று இரண்டு கட்டங்கள் கொண்ட ஒரு பெட்டியையும் சேர்த்து வரைய வேண்டும். இப்பெட்டியை வரையாமல் விடுவதால் எத்தனையோ விடைகள் தவறிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். வெளியே இரண்டு இடங்கள்தாம் உள்ளன என்பதும் உள்ளே ஐந்து இடங்கள் உள்ளன என்பதற்கு இணையான விதியே. மூன்றாவதாக, விதிகளில் முன், பின், அடுத்து, மேல், கீழ் என்ற சொற்கள் உண்டா என்று பாருங்கள். இருந்தால் அது வரிசைப் புதிர். இல்லாவிட்டால் குழுப் புதிராகவோ தெரிவுப் புதிராகவோ இருக்கும்.

வரிசைப் புதிர்: ஏழு கறியை எடுத்துக்கொள்வோம்

நம் வீட்டு விசேஷங்களில் வாழையிலையில் விழும் ஏழு கறியையே ஒரு புதிராக்கிப் பார்க்கலாம். பூசணி, கத்தரி, பலா, வாழைக்காய், மாங்காய், அவரை, ரசம் ஆகிய ஏழும் ஒன்றன்பின் ஒன்றாகப் பரிமாறப்படுகின்றன. கத்தரி, பூசணிக்கு அடுத்தே வர வேண்டும். பூசணி பலாவுக்கு முன் வரும். பலாவும் வாழைக்காயும் ரசத்துக்கு முன் வரும். மாங்காய் நான்காவது. அவரை முதலிலும் வராது, கடைசியிலும் வராது.

இங்கே நகராதது பரிமாறும் முறை, அதாவது 1 முதல் 7 வரையிலான எண்கள். ஆகவே ஏழு கோடுகளைக் கிடையாகப் போட்டு, நான்காவதன்மேல் மாங்காயை எழுதிவிடுங்கள். அடுத்தடுத்து வருவனவற்றை ஒரே பெட்டிக்குள் அடையுங்கள்: [பூ க]. முன்பின் மட்டும் சொல்லும் விதிகளை, பெட்டி போடாமல், இடைவெளி விட்ட கோடாக எழுதுங்கள்: பூ – ப – ர, வா – ர. அவரைக்கு ஆகாத இடங்களான 1, 7 ஆகியவற்றின் கீழே அவரையின் எழுத்தை அடித்து எழுதுங்கள்.

இனி விதிகளை ஒன்றோடொன்று சேர்க்க வேண்டும். பூசணியும் பலாவும் ஒரே சங்கிலியில் இருப்பதால் [பூ க] – ப – ர என்று அது நீள்கிறது. ஏழாவது இடத்தில் யார் வரலாம்? பூசணி, கத்தரி, பலா, வாழைக்காய் ஆகிய நான்கிற்கும் பின்னால் ரசம் வந்தாக வேண்டும், மாங்காய் நான்காவது, அவரைக்குத் தடை. எஞ்சியது ரசம் மட்டுமே. ஒரு வினாவையும் பார்ப்பதற்கு முன்பே ரசம் ஏழாவது என்பது தெரிந்துவிட்டது.

அடுத்துப் பெட்டியைப் பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு இடங்கள் வேண்டும்; நான்கும் ஏழும் போய்விட்டன; 5, 6-இல் வைத்தால் பலாவுக்கு இடமில்லை. ஆகவே பெட்டி 1, 2-இல் அமரும் அல்லது 2, 3-இல் அமரும். இந்நிலையில் படத்தை இரண்டாகப் பிரிப்பது பெரும் பயன் தரும்.

பூ க __ மா __ __ ர

வா பூ க மா __ __ ர

முதல் படத்தில் 3, 5, 6 ஆகிய இடங்களில் பலா, வாழைக்காய், அவரை எப்படியும் அமரலாம். அது ஆறு வழி. இரண்டாம் படத்தில் முதலிடத்துக்கு அவரை ஆகாது, பலா பூசணிக்குப் பின் வர வேண்டும், எனவே அங்கே வாழைக்காய்தான். 5, 6-இல் பலாவும் அவரையும் இடம் மாறலாம். அது இரண்டு வழி. விதிகளே இல்லாவிட்டால் 5040 வரிசைகள் உண்டு; படம் அவற்றை எட்டாகச் சுருக்கிவிட்டது. அவரை மூன்றாவதாக வந்தால் என்ன நேரும் என்று ஒரு வினா கேட்டால், மூன்றாம் இடம் திறந்திருப்பது முதல் படத்தில் மட்டுமே என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

இப்படி இரண்டாகப் பிரிப்பதை எல்லாப் புதிரிலும் செய்ய வேண்டாம். ஒரு பெட்டிக்கோ ஓர் ஆளுக்கோ இரண்டு இடங்களே மிஞ்சும்போது, அப்படிப் பிரித்தால் ஒவ்வொரு படத்திலும் வேறு சில இடங்களும் தாமாக நிரம்பும் என்று தோன்றினால் மட்டும் பிரியுங்கள். நான்கு ஐந்து படங்கள் வரைந்து, எதிலும் ஒன்றிரண்டு எழுத்துக்குமேல் நிரம்பாமல் நிற்பது வீண் உழைப்பு.

படத்தின் திசையும் கதையோடு பொருந்த வேண்டும். போர்ட் லூயிஸில் ஒரு மாடிக் கட்டடத்தைப் பற்றிய புதிரானால், மாடிகளைக் கீழிருந்து மேலாக அடுக்குங்கள். இடமிருந்து வலமாக எழுதினால், மேலே என்னும் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்க நேரும். வட்ட மேசைப் புதிருக்கு ஆரங்களை வரைந்து, எதிரெதிர் இருக்கைகளை ஒரே கோட்டின் இரு முனைகளாக வையுங்கள். இருக்கைகளுக்கு எண் இல்லாவிட்டால், அதிக விதிகளில் வருகிற ஒருவரை எங்காவது அமர்த்திவிட்டுத் தொடங்கலாம்.

இடம் சொல்லாத வரிசை

சில வரிசைப் புதிர்களில் நான்காவது, கடைசி என்று எந்த விதியும் இடத்தைச் சொல்வதில்லை. எல்லா விதிகளும் இன்னார் இன்னாருக்கு முன் என்றே இருக்கும். இவற்றுக்குக் கோடுபோட்ட இடங்கள் பயன்படா. எல்லாரையும் ஒரே மரமாக இணைத்து, கிளைகள் பிரிவது போல வரைய வேண்டும். ஒருவருக்கு இடப்பக்கம் கோட்டால் இணைந்து எத்தனை பேர் நிற்கிறார்களோ, தொடக்கத்திலிருந்து அத்தனை இடங்கள் அவருக்குக் கிடையா. ஒரே கிளையில் இல்லாத இருவரைப் பற்றிப் படம் ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. தாளில் இடப்பக்கமாக எழுதப்பட்டவர் முன்னவர் என்று கண் ஏமாற்றும்.

முன்பின் சொல்லும் விதிக்கும் இடம் சொல்லும் விதிக்கும் உள்ள வேறுபாட்டை நான் நம் ரூபாய்த் தாளை வைத்தே விளக்குவது வழக்கம். அதில் ஆங்கிலம், தமிழ், இந்தி என்று வரிசை அமைந்திருக்கிறது. 1998-இல் வெளிவந்த தாள்களில் தமிழும் இந்தியும் இடம் மாறியதும், நம் மக்கள் எழுப்பிய எதிர்ப்புக்குப் பின் அத்தாள்கள் திரும்பப் பெறப்பட்டதும் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தமிழ் இந்திக்கு முன் என்பது ஒரு விதி. தமிழ் இரண்டாவது என்பது வேறு விதி. முதல் விதியை மட்டும் வைத்துக்கொண்டால் தமிழ் முதலிலும் வரலாம், இரண்டாவதாகவும் வரலாம். ஆங்கிலம் முதலாவது என்ற இன்னொரு விதி சேர்ந்த பிறகே மூன்றும் நிலைபெறுகின்றன. விதி சொன்னதற்கு மேல் ஓர் எழுத்தைக்கூடப் படம் சொல்லலாகாது.

தெரிவுப் புதிர்: அம்புக்குறியும் தமிழ் வாக்கியமும்

நம் பிள்ளைகள் கிரியோலில் பேசி, பிரெஞ்சில் செய்தி படித்து, ஆங்கிலத்தில் தேர்வெழுதுகிறார்கள். தெரிவுப் புதிர்களில் அவர்கள் இடறுவது ஆங்கில நிபந்தனைச் சொற்களில். இங்குதான் தமிழ் பெருந்துணை செய்கிறது. தமிழில் நிபந்தனை முதலில் வந்து, விளைவு வினைமுற்றாக முடிவில் நிற்கும். ஆகவே விதியை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்த்தால் அம்புக்குறியின் திசை வாக்கியத்தின் திசையாகவே இருக்கும்.

தைப்பூசக் காவடியன்று கோர் டி கார்ட் மலைக்கோயில் அடிவாரத்தில் தண்ணீர்ப் பந்தலுக்குச் செல்லத் தொண்டர்கள் அறுவர் பெயர் கொடுத்திருப்பதாகக் கொள்வோம்: அ, இ, உ, எ, ஐ, ஒ. அ சென்றால் இ செல்லமாட்டார். உ செல்லாவிட்டால் எ செல்வார். எ சென்றால் அ செல்வார். இ சென்றாலொழிய ஒ செல்லமாட்டார்.

முன்பின் என்ற பேச்சே இல்லாததால் இங்கே இடங்களை வரிசையாக வரைவது வீண். உள்ளே, வெளியே என்று இரண்டு பத்திகளும், பக்கத்தில் அம்புக்குறிச் சங்கிலியும் போதும். முதல் விதி: அ → இ இல்லை. இதைத் திருப்பி மறுத்து எழுதுவதும் அதே அளவு உண்மை: இ → அ இல்லை. எல்லா நிபந்தனை விதிகளையும் இப்படி இரண்டு வடிவிலும் எழுதியே தீர வேண்டும். திருப்பாமல் வெறுமே மறுப்பது (அ இல்லை → இ) தவறு. மறுக்காமல் வெறுமே திருப்புவதும் தவறு.

நான்காவது விதிதான் பலரைக் கவிழ்க்கும். ஆங்கிலத்தில் இது அன்லெஸ் என்றோ ஒன்லி இஃப் என்றோ வரும். இஃப் என்ற சொல்லைக் கண்டவுடன் அதை அடுத்து வருபவரிடமிருந்து அம்பைத் தொடங்கும் பழக்கத்தால், இ → ஒ என்று எழுதிவிடுவார்கள். இ செல்லாவிட்டால் ஒ செல்லமாட்டார் என்று தமிழில் விரித்துச் சொன்னால், இ இல்லை → ஒ இல்லை என்பது தெரியும். அதைத் திருப்பி மறுத்தால், ஒ அங்கே நின்றால் இ-யும் அங்கே நிற்கிறார் என்பது தெளிவாகும்: ஒ → இ. இ மட்டும் சென்று, ஒ வீட்டில் இருந்தாலும் விதி மீறப்படவில்லை.

நான்கையும் கோத்தால்: உ இல்லை → எ → அ → இ இல்லை → ஒ இல்லை. திருப்பி மறுத்தால்: ஒ → இ → அ இல்லை → எ இல்லை → உ. ஒ சென்றால் உ செல்வது உறுதி என்பது எந்த விதியிலும் நேராகச் சொல்லப்படாத உண்மை. சங்கிலி அதை எடுத்துக் கையில் கொடுக்கிறது. ஐ-யைப் பற்றி எந்த விதியும் இல்லை. அவரை வட்டமிட்டு ஓரமாக எழுதிவையுங்கள், எங்கும் பொருந்தக்கூடியவர் அவர்.

ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு விதிகளை இங்கே பிரித்தறிய வேண்டும். அ → இ இல்லை என்பது, இருவரில் அதிகம் போனால் ஒருவர் என்று பொருள்படும். இருவரும் செல்லாமலும் இருக்கலாம். உ இல்லை → எ என்பது, இருவரில் குறைந்தது ஒருவர் என்று பொருள்படும், இருவருமே செல்லலாம். இவற்றைச் சங்கிலியில் எழுதுவதோடு, முதலாவதை வெளியே பத்தியில் அ/இ என்றும், இரண்டாவதை உள்ளே பத்தியில் உ/எ என்றும் குறித்துவிட்டால், எத்தனை பேர் செல்லலாம் என்ற வினாவுக்கு விடை விரைவாகக் கிடைக்கும். உ, எ, அ, ஐ என்றோ உ, இ, ஒ, ஐ என்றோ நால்வர் செல்லலாம், அதற்குமேல் இயலாது. குறைந்த அளவு உ ஒருவரே.

குழுக்களும் அட்டவணையும்

அறுவரை மூன்று வேன்களில் ஏற்றும் புதிருக்கு வேன்களே அடித்தளம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி போடுங்கள். விதிகளுக்குள் நுழையும் முன் எண்ணிக்கையை எழுதிவிடுங்கள். எந்த வேனும் காலியாகப் போகாது என்றால் 4-1-1, 3-2-1, 2-2-2 ஆகிய மூன்று பகிர்வுகளே உண்டு. ஒரு வேனில் மூவருக்குமேல் கூடாது என்றால் முதலாவது விழுந்துவிடும்.

அட்டவணைக்கு உரிய இடம் ஒன்றே ஒன்று: ஒருவருக்குப் பல பொருள்களும், ஒரு பொருளுக்குப் பல ஆள்களும் இருக்கக்கூடிய நிலை. மூன்று பிள்ளைகள், ஒவ்வொருவரும் தமிழ், இந்தி, பிரெஞ்சு ஆகியவற்றுள் ஒன்றோ பலவோ படிக்கிறார்கள் என்றால் அட்டவணை போட்டுச் சரி, தவறு குறியிடுங்கள்.

ஒரு நிமிடப் புதிருக்கு

யூகேட்டில் ஒரு வினாவுக்குச் சராசரியாக ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரமே உண்டு. அங்கே முழுப் படம் வரையாதீர்கள். அடித்தளத்தைத் தேர்ந்து, உறுதியான விதியை வைத்து, அதைத் தொடும் விதிகளை மட்டும் சேர்த்து, விடைத் தெரிவுகளை ஒவ்வொன்றாக அதில் பொருத்திப் பாருங்கள், முரண்படுவதை அடித்துவிடுங்கள். எல்லா, சில, எதுவுமில்லை என்று பேசும் வினாக்களுக்கு வட்டங்களே பொருத்தம். சில என்பது குறைந்தது ஒன்று என்று மட்டுமே பொருள்படுவதால், வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் பகுதியில் ஒரு புள்ளி வையுங்கள். மற்றப் பகுதிகளைப் பற்றி எதையும் எண்ணிக்கொள்ளாதீர்கள்.

வினாக்களை எடுக்கும் முறை

தொகுப்பாக வரும் புதிரில், எது ஏற்கத்தக்க வரிசை என்று கேட்கும் வினாவை முதலில் முடியுங்கள். அதற்குப் படம் வேண்டாம். ஒரு விதியை எடுத்து, அதை மீறும் தெரிவுகளை அடித்துவிட்டு, அடுத்த விதிக்குப் போங்கள். பிறகு புதிய நிபந்தனை ஒன்றைச் சேர்க்கும் வினாக்களை எடுங்கள். முதற்படத்தில் எழுதாமல், அதன் கீழே சிறு நகல் ஒன்றை வரைந்து அதில் நிரப்புங்கள். வினா எண்ணைப் பக்கத்தில் குறியுங்கள். அந்த நகல்களை அழிக்காதீர்கள். எது நடக்கக்கூடும், எது நடக்கவே முடியாது என்று கேட்கும் பொதுவினாக்களைக் கடைசியில் தொடும்போது, முன்பு வரைந்த நகல்களில் ஒன்றே பாதித் தெரிவுகளுக்கு விடை சொல்லிவிடும்.

எல்சாட்டின் பழைய புதிர்கள் இன்றும் நல்ல பயிற்சிப் பொருள். அவற்றைத் திரையில் படித்து, தனித்தாளில் வரையுங்கள், ஏனெனில் கணினித் தேர்வில் வினாவின் ஓரத்தில் எழுத முடியாது. முதல் வாரத்தில் எந்தப் புதிரையும் தீர்க்க வேண்டாம். பத்துப் புதிர்களை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நகராதது எது, எண்ணிக்கை என்ன, எந்தப் படம் என்ற மூன்றை மட்டும் எழுதுங்கள். இரண்டாம் வாரத்தில் அதே பத்தையும் தீர்த்து, நடுவில் படத்தை மாற்ற நேர்ந்தவற்றைத் தனியே எடுத்துவையுங்கள். அவற்றின் முதல் வரியையும் விதிகளையும் மீண்டும் படித்து, எந்தச் சொல் உங்களைச் சரியான படத்துக்கு அழைத்திருக்க வேண்டும் என்று கண்டு அதன்கீழ் கோடிடுங்கள்; மூன்றாம் வாரத்தில் புதிய பத்துப் புதிர்களை எடுக்கும்போது, அந்தச் சொற்களின் பட்டியல் மேசையில் இருக்கட்டும்.